‘தில்லானா மோகனாம்பாள்’: முதன்முறை முழுதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் வளர்ந்த இளம் ஆக்களிடம் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால், பார்த்திருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் விசாரித்தால் தெரியும்: பார்த்தது ‘நலந்தானா’ பாட்டு, நாகேஷ் வரும் இரண்டு மூன்று இடங்கள், நாயனத்தை, அதாவது நாதஸ்வரத்தைப் பற்றி மனோரமா சிவாஜியிடம் வெள்ளந்தியாகக் கேட்கும் அந்தக் காட்சி. எல்லாம் போனில் வந்த துண்டுகள். ஒவ்வொன்றும் நல்ல துண்டுதான். ஆனால் ஒரு நாதஸ்வரக்காரனும் ஒரு நாட்டியக்காரியும் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதுதான் இந்தப் படம். அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் வாயால் நடப்பதில்லை. குழலாலும் காலாலும் நடக்கிறது. நடுவில் புகுந்து ஐந்து நிமிடம் கேட்டால், யார் எதற்குப் பதில் சொல்கிறார் என்பது விளங்காது.

படம் 1968 ஜூலையில் வெளிவந்தது. இயக்கம் ஏ.பி.நாகராஜன், இசை கே.வி.மகாதேவன், பாடல்கள் கண்ணதாசன். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி கணேசன், மோகனாவாக பத்மினி. அந்த ஆண்டுக்கான இந்திய தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த வண்ண ஒளிப்பதிவு இரண்டும் இதற்குத்தான். ஒளிப்பதிவாளர் கே.எஸ்.பிரசாத். முதலில் தெரிந்திருக்க இவ்வளவு போதும். கதையை எங்கும் வாசிக்க வேண்டாம். நானும் முடிச்சுகளை அவிழ்க்கப் போவதில்லை.

முதல் வேலை: காதைப் பழக்குங்கள்

படத்தைத் தேடுவதற்கு முன் கோயிலுக்குப் போங்கள். பக்தி இருக்கிறதோ இல்லையோ, நாதஸ்வரத்தை நேரில், கிட்ட நின்று கேட்க வேண்டும். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில், கப்டன் கார்டன் கைலாசநாதர் கோயில், பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில் என்று உங்களுக்கு எது கிட்டவோ அங்கே ஒரு விசேஷ பூசை நேரத்தில் போய் நிற்கலாம். ஆடிவேல் திருவிழாக் காலம் என்றால் இன்னும் நல்லது. கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறோமே என்று நினைக்கலாம். அங்கே நாம் கேட்பது பெரும்பாலும் கெட்டிமேளம் மட்டும்தான். மற்ற நேரம் முழுக்க சனம் கதைத்துக்கொண்டிருக்கும், வித்துவான் தன்பாட்டில் வாசித்துக்கொண்டிருப்பார்.

கிட்ட நின்றால் சில விஷயங்கள் கண்ணில் படும். வாசிப்பவர் சீவாளியை, அதாவது ஊதும் நாணல் துண்டை, வாயில் வைத்து ஈரப்படுத்துவார். மாற்றுச் சீவாளிகள் வாத்தியத்தோடு சேர்த்துக் கட்டித் தொங்கும். கன்னம் உப்பும், கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சு எடுக்கும் இடத்தில் தோள் மெல்ல ஏறும். தவில்காரர் ஒரு பக்கத்தைக் கழியாலும் மற்றப் பக்கத்தை கூடு மாட்டிய விரல்களாலும் அடிப்பார். இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்தால் எது முன்னால் போகிறது, எது தாங்கிப் பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இதெல்லாம் எதற்கு என்றால், படத்தில் சிவாஜி வாசிக்கவில்லை. ஒலி மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிவாஜி செய்திருப்பது பாவனை. ஆனால் எப்படிப்பட்ட பாவனை என்பது நிஜமான வித்துவானை அருகில் பார்த்த கண்ணுக்குத்தான் தெரியும். மூச்சு எடுக்கும் இடம், விரல் தூக்கும் இடம், ஒரு இசைச் சங்கதி முடிந்ததும் தவில்காரர் பக்கம் திரும்பும் அந்தப் பார்வை எல்லாம் இருக்கும். பத்மினியின் நிலை வேறு. அவர் சகோதரிகள் லலிதா, ராகினியோடு சிறு வயதிலிருந்தே மேடையில் ஆடி வந்தவர்; கால் அவருடைய சொந்தக் கால். ஒருவரின் பாவனையும் மற்றவரின் உண்மையான கலையும் ஒரே காட்சியில் நேருக்கு நேர் நிற்கும்போது தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. எனக்கு இந்தப் படத்தின் மிகப் பெரிய அதிசயம் இதுதான்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் இருக்கிறது. தியாகராஜரின் ‘நகுமோமு’ கீர்த்தனையை யாராவது ஒருவர் வாய்ப்பாட்டாகப் பாடியதை இரண்டு நாள் கேளுங்கள். ஆபேரி ராகம். படத்தில் இதே கீர்த்தனை நாதஸ்வரத்தில் வரும். சொல் இல்லாமல் வந்தாலும் உங்களுக்குப் பிடிபடும். படத்தின் பாட்டுகளை மட்டும் முன்கூட்டிக் கேட்காதீர்கள்.

கதை நடக்கும் உலகம்

முதன்முறை பார்க்கிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூலக்கதை 1950களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதினார், கோபுலு படம் வரைந்தார். கதை நடப்பது அதற்கும் முந்திய காலத்தில், மகாராஜாக்களும் ஜமீன்களும் மைனர்களும் பணத்தால் கலையை வாங்கலாம் என்று நம்பிய நாட்களில்.

அன்றைக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கோயிலுக்கு இரண்டு மேளம் இருந்தது. நாதஸ்வரமும் தவிலும் பெரிய மேளம். நாட்டியக்காரியும் அவளை ஆட்டிவைக்கும் நட்டுவனாரும் கூடப் பாடுகிறவர்களும் சேர்ந்தது சின்ன மேளம். இரண்டு பகுதியும் பெரும்பாலும் ஒரே சமூகத்தார்தான். ஆனால் பெரிய மேளத்தின் ஆண்களுக்கு இருந்த மரியாதை சின்ன மேளத்தின் பெண்களுக்கு இல்லை. ஆடுகிற பெண்ணின் குடும்பம் ஒரு பணக்காரப் புரவலரை நம்பித்தான் வாழ வேண்டியிருந்தது, அந்தப் புரவலர் அவளிடம் கலையை மட்டும் எதிர்பார்க்கவில்லை. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக விடுவதைச் சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

இது நமக்கும் தூரத்துக் கதை இல்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களிலும் சின்னமேளம் ஆடியது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். அம்மம்மா காலத்து ஆக்களிடம் ‘சின்னமேளம்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அந்த முக மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மோகனாவைப் பார்க்க வேண்டும். தன் கலை பெரிது, தானும் மானமுள்ளவள் என்று நிரூபிக்க அவள் ஒவ்வொரு மேடையிலும் போராட வேண்டியிருக்கிறது. சண்முகசுந்தரத்துக்கு மேடையில் கிடைக்கும் மரியாதை பிறந்தவுடன் வந்தது. அவன் ஆட்டத்தை ஏளனமாகப் பேசும்போது, அவளுக்கு அது ஒரு ஆணின் கிண்டல் மட்டும் இல்லை.

மோகனாவின் தாய் வடிவாம்பாளாக வருபவர் சி.கே.சரஸ்வதி. பணத்தாசை பிடித்த தாய் என்று படம் அவளை ஒரே நிறத்தில் தீட்டுகிறது, நாமும் சிரித்துவிட்டுப் போகிறோம். இந்தப் பின்னணி தெரிந்தால் அவளுடைய பயமும் தெரியும். மகளின் இளமை முடிவதற்குள் ஒரு பாதுகாப்புத் தேடாவிட்டால் அந்த வீட்டுக்கு நாளைக்குச் சோறு இல்லை. படம் அவளுக்கு அந்த நியாயத்தைப் போதுமான அளவு கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். பார்க்கும் நீங்கள் கொடுங்கள்.

பிரதியும் திரையும் சத்தமும்

இணையத்தில் இந்தப் படம் பல நீளங்களில் கிடக்கும். ஓடும் நேரம் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட இல்லாவிட்டால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள், எதையோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டுகிறவர்கள் முதலில் கை வைப்பது நீண்ட வாசிப்புகளிலும் ஆட்டங்களிலும்தான், இந்தப் படத்தில் அதை வெட்டினால் மிச்சம் இருப்பது படம் இல்லை.

இது ஈஸ்ட்மென் கலரில் எடுத்த படம். அந்தக் காலத்து ஈஸ்ட்மென் பிரதிகள் வயதாக ஆகச் சிவப்பேறிப் போகும். முகம் எல்லாம் செங்கல் நிறத்தில் தெரிந்தால் வேறு பிரதி தேடுங்கள். கிடைக்காவிட்டால் ரீவியில் நிறத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அகலத் திரைக்கு இழுத்த பிரதியும் வேண்டாம். ஆட்களின் முகம் அகன்று தெரிந்தால் செட்டிங்கில் 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருப்பது குறை இல்லை.

சத்தம்தான் முக்கியம். மெல்லிய ரீவிகளின் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கீச்சென்று காதைக் கிழிக்கும், தவில் தகரம் தட்டுவதைப்போல இருக்கும். நல்ல ஸ்பீக்கர் ஒன்றை இணையுங்கள், இல்லாவிட்டால் ஹெட்போன். சரவுண்ட் மாதிரியான வித்தைகளை நிறுத்திவிடுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் மாடி வீடுகளில் இருக்கிறவர்கள் இரவு பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டாம். அயலுக்காகச் சத்தத்தைக் குறைப்பீர்கள், குறைத்தால் படம் போய்விடும். போயா நாள் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு முடியும்.

போனில் மட்டும் பார்க்க வேண்டாம். இந்தப் படத்தில் முக்கியமான பல விஷயங்கள் கூட்டத்தின் ஓரத்தில், ஒரு கண் அசைவில் நடக்கின்றன. உள்ளங்கை அளவுத் திரையில் அவை அகப்படாது.

யாரோடு பார்ப்பது

தனியாகப் பார்க்கலாம். ஆனால் படத்தைத் தியேட்டரில் பார்த்த ஒருவர் வீட்டில் இருந்தால் பக்கத்தில் இருத்துங்கள். கொட்டாஞ்சேனை செல்லமஹாலில் சிவாஜி படங்கள் பார்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்கள் எந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் வரப்போகும் வசனத்தை வாய்க்குள் சொல்கிறார்கள் என்பதே உங்களுக்கு ஒரு பாடம். ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள். “அம்மம்மா, கதையை முன்னுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் ஒரு இடத்தில் சொல்லிவிடுவார், பரவாயில்லை.

படம் ஓடத் தொடங்கியதும்

முதல் இருபது நிமிடம் மெதுவாகப் போகிறது என்று தோன்றும். அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். தான் வாசித்துக்கொண்டிருக்கும்போது வெடி வெடிக்கிறார்கள் என்று சண்முகசுந்தரம் வாசிப்பை நிறுத்திவிடுவதைக் கவனியுங்கள். கோபக்காரன் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் ஆளைத் தவறவிடுவீர்கள். தன் கலைக்குரிய அமைதியைக் கேட்டு வாங்குகிறவன் அவன். பின்னால் அவன் செய்யும் நல்லதும் கெட்டதும் எல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகின்றன.

அடுத்தது ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’. பாடியவர் பி.சுசீலா. ஆட்டத்தை யாரும் பார்க்கப் போகக்கூடாது என்று தன் ஆட்களைக் கண்டித்தவன், தானே ஒளிந்து நின்று பார்க்கிறான். அவன் நிற்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. சபையில் இருப்பவர்களுக்கு அது இறைவனை நோக்கிப் பாடும் பாட்டு, தூணுக்குப் பின்னால் நிற்கும் ஒருவனுக்கு மட்டும் அது கேள்வி. ராகம் சண்முகப்பிரியா. பாட்டின் முடிவில் தெய்வத்தின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டு வந்து ‘சண்முகா’ என்கிறாள். ஊருக்கு அது முருகன் பெயர். கே.வி.மகாதேவனும் கண்ணதாசனும் ராகத்திலும் சொல்லிலும் ஒரே ஆளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பாட்டை முதல் முறை பார்க்கும்போது பத்மினியின் முகத்தைப் பாருங்கள். கால்களை இரண்டாம் முறைக்கு விடுங்கள்.

ரயில் பயணக் காட்சியில் எல்லோரும் சிவாஜியையும் பத்மினியையும் பார்ப்பார்கள். நீங்கள் ரி.எஸ்.பாலையாவைப் பாருங்கள். தவில்காரர் முத்துராக்காக வருகிறார். ஒரு நாதஸ்வரக்காரனின் மனதை அவன் வாய் திறப்பதற்கு முன்னால் அறிகிறவர் அவனுடைய தவில்காரர்தான், ஏனென்றால் அவன் அடுத்து எங்கே போகப் போகிறான் என்பதை மூச்சிலேயே பிடிக்கப் பழகியவர். பாலையா அதைப் படம் முழுக்க முகத்தில் வைத்திருக்கிறார். முன்னணி நடிகர்கள் இருவருக்கும் அடுத்ததாக இந்தப் படத்தைத் தாங்குகிறவர் யார் என்று கேட்டால், நாகேஷை முந்திக்கொண்டு நான் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

நாகேஷின் ‘சவடால்’ வைத்தியைக் கொமெடி என்றுதான் துண்டுகளில் கண்டிருப்பீர்கள். முழுப்படத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். பணக்காரனுக்கும் ஆடுகிற பெண்ணுக்கும் இடையில் நின்று இரண்டு பக்கமும் தரகு பார்க்கிற ஆள் அவன். சிரித்துக்கொண்டே வருகிறான்; அவன் வந்து போன இடமெல்லாம் ஒரு உறவு உடைகிறது. சிங்கபுரம் மைனராக வரும் பாலாஜியும் மதன்பூர் மகாராஜாவாக வரும் நம்பியாரும் அவன் பிடிக்கும் தூண்டில்கள்.

மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி வேறு வகை. கூத்து ஆடி வயிறு கழுவும் பெண். மரியாதை என்ற ஒன்றை எதிர்பார்க்காமலே வாழப் பழகிவிட்டவள். அவள் சண்முகசுந்தரத்தின் நாயனத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு நாம் சிரிக்கிறோம். ஆனால் அவனுடைய வித்துவத்தின் எடையை எந்தச் சபையும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. அந்தக் காட்சியில் சிவாஜி அதிகம் எதுவும் செய்யாமல் மனோரமாவுக்கு இடம் விட்டு நிற்பதையும் கவனியுங்கள். பெரிய நடிகர் ஒருவர் மற்றவருக்கு அப்படி விட்டுக்கொடுப்பது எப்போதும் நடப்பதில்லை.

போட்டி

தில்லானா என்பது பரதநாட்டியக் கச்சேரியின் கடைசியில் வரும் உருப்படி. சாகித்தியம், அதாவது பாட்டுவரி, மிகக் குறைவு. தாளச் சொற்கட்டும் தாளமும் வேகமும்தான். அபிநயத்தின் பின்னால் ஒளிய அங்கே இடமில்லை, கால் பிசகினால் சபைக்கே தெரிந்துவிடும். சண்முகசுந்தரம் அவளை அந்த இடத்துக்கு இழுக்கிறான்: நான் வாசிக்கிறேன், நீ ஆடு.

இந்தக் காட்சிக்கு முன் படத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தொடங்கியபின் இடையில் நிறுத்தக்கூடாது. முதலில் நாதஸ்வரம் எங்கே வேகத்தைக் கூட்டுகிறது என்பதைக் காதால் பிடியுங்கள். அடுத்து, அவள் எங்கே அதைப் பின்தொடர்வதை விட்டுவிட்டுக் கூடவே போகத் தொடங்குகிறாள் என்று பாருங்கள். அந்த இடத்தில் சிவாஜியின் கண்கள் மாறும். எதிராளியைப் பார்த்த கண் சக கலைஞரைப் பார்க்கத் தொடங்கும். படத்தின் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேதான் தெரியும். முடிவில் நடப்பதை நான் சொல்லவில்லை. அது முடிந்ததும் தேத்தண்ணி இடைவேளை விடுங்கள்.

நலந்தானா

துண்டாகக் கேட்டு உங்களுக்கு மனப்பாடமான பாட்டு. இப்போது அது உரிய இடத்தில் வரும். இருவருக்கும் நடுவில் என்னென்ன நடந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க அவளுக்கு வழியில்லை. ஆகவே ஒரு கூட்டம் முழுக்க இருக்கையில், ஆட்டத்துக்குள் வைத்து அவனுடைய உடம்பையும் மனதையும் விசாரிக்கிறாள். அதற்கு நாதஸ்வரத்தில் பதில் வருகிறது. சொல்லில்லாத பதில்தான், ஆனால் இத்தனை நேரம் பழகிய காதுக்கு அது பேச்சாகவே கேட்கும். பாலையாவை மறக்காமல் பாருங்கள்.

பொறுமை வேண்டிய இடங்கள்

இரண்டாம் பாதியில் சண்முகசுந்தரம் மீது உங்களுக்கு எரிச்சல் வரும். வரத்தான் வேண்டும். அவளைச் சந்தேகப்படுகிறான், கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறான், தன் மானத்துக்கு இருக்கும் விலை அவள் மானத்துக்கும் இருக்கிறது என்பதை அடிக்கடி மறக்கிறான். அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லி அதைக் கடக்க வேண்டாம். படமும் முழுதாக அவன் பக்கம் நிற்பதில்லை. அவன் கோபப்பட்டுக் கத்தும் பல இடங்களில் கமரா போய் நிற்பது மோகனாவின் முகத்தில். மதன்பூர்ப் பகுதி கொஞ்சம் நீளம். சம்பவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன, தொடர்கதையின் வாசனை அங்கே கூடுதலாக அடிக்கும். ஆனாலும் ஓட்டிவிடாதீர்கள். ஒரு கலைஞரை வரவழைத்துப் பரிசு கொடுப்பதற்கும் அவளை விலைக்கு வாங்க நினைப்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் என்ன என்ற கேள்வி, படத்தின் தொடக்கத்திலிருந்து ஓடி வந்து அங்கேதான் நேருக்கு நேர் நிற்கிறது.

பார்த்து முடித்தபின்

அன்றைக்கே பாட்டுகளைத் திரும்பப் போட வேண்டாம். ஒரு கிழமை விட்டு, ‘மறைந்திருந்து பார்க்கும்’ பாட்டையும் போட்டியையும் மட்டும் மறுபடி பாருங்கள். இந்த முறை பத்மினியின் கால்களையும் சிவாஜியின் விரல்களையும் பார்க்கலாம். ஏ.வி.எம்.ராஜன் தம்பி தங்கரத்தினமாகக் கூட வாசிக்கிறார். இரண்டு நாதஸ்வரங்கள் எப்படி ஒன்றாகப் போகின்றன என்பதை இப்போது பிரித்துக் கேட்க முடியும்.

நாவல் புத்தகமாகக் கிடைத்தால் வாசியுங்கள். படத்தில் இடம் கிடைக்காத ஆட்களும் ஊர்களும் அதில் நிறைய.

நாதஸ்வரம் பிடித்துவிட்டால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகத்தைக் கேளுங்கள். பிறகு 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ‘சிங்கார வேலனே தேவா’: எஸ்.ஜானகியின் குரலோடு காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். அதுவும் ஆபேரிதான், நகுமோமு பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும். நம் பக்கத்தில் அளவெட்டி என்.கே.பத்மநாதனின் நாதஸ்வரம் இருக்கிறது, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் இருக்கிறது. தட்சிணாமூர்த்தி தமிழ்நாட்டுப் பெரிய வித்துவான்களே மெச்சிய கை. இவர்களின் ஒலிப்பதிவுகள் தேடினால் கிடைக்கும். அடுத்த திருவிழாவில் கோயில் வீதியில் மேளச்சமா என்ற நாதஸ்வர, தவில் கச்சேரி நடக்கும்போது, கதிரையை எடுத்துக்கொண்டு தவில்காரருக்குக் கிட்டப் போய் இருங்கள்.